ஆறு இட்லி, மீதி இருபது

காலை ஆறேகாலுக்கு
ரப்பர் ஹாரன் இரண்டு முறை கத்தும்.
அண்டாப் ஹில் போலீஸ் குடியிருப்பில்
பதினோரு வருடம் எங்கள் கடிகாரம் அதுதான்.
தாராவியில் அவித்து, சைக்கிளில் கட்டி,
ஆறுவதற்குள் வந்துவிடுவான் பேச்சிமுத்து.

என் மனைவி எஸ்தர் ஞானரதி,
குற்றப்பிரிவு இன்ஸ்பெக்டர்.
அவள் சிரித்துப் பார்த்தவர்கள்
ஸ்டேஷனில் யாருமில்லை,
வீட்டில் நான், இரண்டு தடவை.
"மேடம் வீட்டிலும் இப்படித்தானா?" என்று
கான்ஸ்டபிள் காம்ப்ளே ஒருநாள் ரகசியமாகக் கேட்டான்.
வீட்டில் கொஞ்சம் அதிகம் என்றேன்.
என் சட்டைப்பையின் ஜிலேபி வாசத்தை
வாசலிலேயே பிடித்துவிடுவாள்.
என் சர்க்கரை அளவு அவளுக்கு
நிலுவையில் இருக்கும் வழக்கு.

இட்லி வாங்க இறங்குவது என் வேலை,
ஞாயிறு தவிர.
அந்த ஜூலையில் மட்டும்
திங்கள், செவ்வாய், புதன்
பாத்திரத்தை அவளே எடுத்துக்கொண்டு போனாள்.
"படி வழுக்குது, உங்க முட்டிக்கு ஆகாது."
இருபது வருடத்துக்குப் பிறகாவது
என் முட்டி அவள் கண்ணில் பட்டதே என்று
போர்வையை இழுத்துக்கொண்டேன்.

வியாழன் ஏனோ ஜன்னலில் நின்றேன்.
ஆறு இட்லி.
ஐம்பது ரூபாய்த் தாளை நீட்டினாள்.
மீதி இருபதை வாங்கி எண்ணினாள்,
பர்ஸில் வைத்து ஜிப்பை இழுத்தாள்.
பிறகு அவன் மணிக்கட்டைப் பிடித்தாள்,
ரோட்டைக் கடக்கும்போது
பிள்ளையைப் பிடிப்பதுபோல.
தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னாலிருந்து
காம்ப்ளே வந்தான்.
மூன்றாம் மாடி காய்க்வாட் அம்மாள்
கயிற்றில் இறக்கிய கூடை
பாதியில் நின்று,
பத்து ரூபாய் நோட்டோடு
மழையில் சுற்றிக்கொண்டிருந்தது.

மாஹிம் கழிமுகத்தில் ஒதுங்கிய சாக்கு.
உள்ளே அவன் மச்சான்.
சீட்டுப் பணத் தகராறு.
சாக்கின் வாயில் மஞ்சள் நைலான் கயிறு,
இரண்டு சுற்று, இடப்பக்கம் ஒரு கண்ணி,
நுனியை உள்ளே செருகி.
சாம்பார்த் தூக்கின் மூடியை
அப்படிக் கட்டுகிறவன் யாரென்று
தினமும் பார்த்த எனக்குத் தெரியவில்லை.
ஞாயிறு மட்டும் இறங்குகிறவளுக்குத் தெரிந்தது.

"அப்போ மூணு நாளும் தெரிஞ்சேதான் சாப்பிட்டியா?"
"நிறுத்தினா சந்தேகப்படுவான்."
"எனக்கும் வச்சியே!"
"ஆறு மூணானாலும் சந்தேகப்படுவான்."

அவன் ஊர்க்காரர்கள்
கோயிலில் எங்கள் பெஞ்சைக் காலியாக விட்டார்கள்.
அவள் நடுவுக்கு நகர்ந்து
வசதியாக உட்கார்ந்து பாட்டுப் புத்தகத்தைத் திறந்தாள்.
காய்க்வாட் அம்மாள் இப்போது பாவ் வாங்குகிறாள்,
என் முகத்தைப் பார்ப்பதில்லை.

ஒரு சாயங்காலம் பேச்சிமுத்துவின் மனைவி வந்தாள்,
இடுப்பில் கைக்குழந்தை,
நாலு மாடி ஏறிய மூச்சு.
"எதுன்னாலும் ஸ்டேஷன்ல வந்து சொல்லுங்க"
என்று கதவைச் சாத்தினாள் இவள்.
தாழ்ப்பாளில் வைத்த கையை எடுக்கவில்லை.
செருப்புச் சத்தம்
நான்கு மாடியும் இறங்கி
கேட்டைத் தாண்டும்வரை
அங்கேயே நின்றாள்.
நான் டிவியின் சத்தத்தைக் குறைத்தேனா கூட்டினேனா
நினைவில்லை.

போன ஞாயிறு ஆறேகாலுக்கு எழுந்தேன்.
பக்கத்தில் படுக்கை காலி.
சமையலறையில் அரைமூடித் தேங்காய்,
பொட்டுக்கடலை, பச்சை மிளகாய்,
மேடையில் வரிசையாக மூன்று கிண்ணம்.
ஒவ்வொன்றையும் விரலால் தொட்டு
நாக்கில் வைத்து
இல்லை என்று தலையாட்டிக்கொண்டிருந்தாள்.

பதினான்கு நாள் கஸ்டடியில் இருந்தான்.
கயிறு வாங்கிய கடை, பாலம், மணி,
சாக்கைப் பிடிக்க உதவிய பையன்
எல்லாம் சொன்னான்.

"சட்னில என்ன போடுவான்னு
அப்பவே கேட்டிருக்கலாமே" என்றேன்.

"வழக்குக்குச் சம்பந்தமில்லை" என்றாள்,
எந்தப் பக்கமும் திரும்பாமல்.
பிறகு மிக்ஸியைத் திறந்து
இஞ்சித் துண்டு ஒன்றைக் கிள்ளிப் போட்டாள்.